கங்காருவின் வாலும் கிண்டிப் பேராசிரியரும்

(இரண்டாம் ஆண்டு மாணவர், இயந்திரவியல் துறை)

நமது பேரவை ஆண்டு மலரில் வருடந்தோறும் ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு இடம் பெறுவது வழக்கம். நூலகத்தில் பழைய மலர்களைப் புரட்டிப் பார்த்தேன். சர் சி.வி. ராமன் பல முறை வந்துவிட்டார். கணிதமேதை ராமானுஜன் அவரைவிட அதிக முறை. இந்த வருடம் என்னை எழுதச் சொன்ன மலர்க் குழு அண்ணன், ராமானுஜனையே எழுதிடு தம்பி, மேட்டர் ஈஸியா கிடைக்கும் என்று யோசனையும் சொன்னார். கணக்குப் பேப்பரில் அரியர் வைத்திருக்கும் நான் ராமானுஜனைப் பற்றி எழுதினால் நண்பர்கள் சும்மா விடுவீர்களா? ஆகவே வேறு ஒருவரை எடுத்துக்கொண்டேன். அவரும் கணக்கை வைத்துத்தான் பெரிய ஆள் ஆனவர். ஆனால் அவர் கணக்குப் போட்டது தோலுக்கும் எலும்புக்கும்! அதுவும் எங்கோ சீமையில் உட்கார்ந்து அல்ல, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் இறங்குகிற நம்ம கிண்டியில்.

பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரன் அவர்களைத்தான் சொல்கிறேன். அந்த ‘ஜி’ என்பது கோபாலசமுத்திரம்.

இவர் பெயரை நான் பாடப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் குரோம்பேட்டைப் பையன். ஒரு காலத்தில் இங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியால்தான் எங்கள் ஊருக்கு இந்தப் பெயரே வந்தது. பல பேர் இதைக் கேட்டு ஆச்சரியப்படுகிறார்கள். தாத்தா தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். அப்பா நாகல்கேணிப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் இருக்கிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். போன வருடம் ரிசல்ட் வந்து, கணக்கில் ஊற்றிக்கொண்டது தெரிந்த வாரம், வீட்டில் யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. அப்பா மட்டும், கம்பெனியில் டிரம் பக்கம் ஒரு ஆள் கேட்கிறாங்க என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் தோல் சாம்பிளைப் பரிசோதனைக்குக் கொடுக்க அப்பாவை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினார்கள். படிவம் நிரப்ப என்னையும் கூட்டிப் போனார். அங்கே ஒரு அரங்கம் இருக்கிறது. பெயர் டிரிப்பிள் ஹீலிக்ஸ் ஆடிட்டோரியம். தலைவர் பெயரோ தாளாளர் பெயரோ வைக்காமல் இது என்ன பெயர் என்று எனக்குப் பட்டது. சாம்பிளை வாங்கிக்கொண்ட பெரியவரிடம் கேட்டேன். அவர் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் சொன்னார். தோலுக்குள்ளே என்ன இருக்கிறது என்பதை உலகத்துக்குச் சொன்னவர் ஒருவர், பக்கத்தில் கிண்டியில்தான் இருந்தார், அதன் ஞாபகமாக வைத்த பெயர் என்றார். அப்பாவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருஷமாகத் தோலைத் தொடுகிற மனுஷருக்கும் அது புதுச் செய்திதான்.

அன்றிலிருந்து தேடித் தேடிப் படித்தேன்.

ராமச்சந்திரன் பிறந்தது 1922 அக்டோபர் 8, எர்ணாகுளத்தில். ஒரு விஷயத்தை முதலிலேயே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏழ்மையில் பிறந்து தெருவிளக்கில் படித்து முன்னேறியவர் என்று எழுதலாம் என்றுதான் ஆசையோடு ஆரம்பித்தேன். அப்படி இல்லை. அவருடைய தந்தையார் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். கணக்கு அவர் வீட்டிலேயே இருந்தது, நம்மில் பலர் வீட்டில் இல்லாதது போல. இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது என்பது உண்மை. அப்புறம் மேலே படிக்கப் படிக்க, அவருடைய கதையில் நமக்கு வேண்டியது பிறப்பில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தது.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ். 1942-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தபோது எடுத்த பிரிவு எதுவென்று நினைக்கிறீர்கள்? மின் பொறியியல்! நம்ம டிரிப்பிள் ஈ நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஆனால் அங்கே இருந்த சர் சி.வி. ராமன் இவரைத் தம்முடைய இயற்பியல் துறைக்கு இழுத்துக்கொண்டார். அங்கே படிகங்களுக்குள் எக்ஸ் கதிர் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பழகினார். டாக்டர் பட்டம் வாங்கி, 1947-ல் கேம்பிரிட்ஜ் போய் இன்னொரு டாக்டர் பட்டமும் வாங்கி, 1949-ல் பெங்களூர் திரும்பினார்.

சென்னைக்கு அவர் வந்தது 1952-ல். சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறையைத் தொடங்கியது. துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் அந்தப் பொறுப்புக்கு ராமனைத்தான் முதலில் அணுகினார். ராமனோ தம் மாணவர் பெயரைச் சொல்லி அனுப்பினார். துறைத் தலைவர் ஆகும்போது ராமச்சந்திரனுக்கு வயது முப்பது!

புதுத் துறை, புது ஆய்வுக்கூடம். எதை ஆராய்வது? அந்தச் சமயத்தில் இங்கிலாந்து விஞ்ஞானி ஜே.டி. பெர்னால் சென்னைக்கு வந்தார். பேச்சோடு பேச்சாக, கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று சொன்னார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார்.

கொலாஜன் என்றால் யாரும் பயப்பட வேண்டாம். நாம் எல்லோரும் பார்த்ததுதான். ஆட்டுக்கால் பாயா ராத்திரி மீந்துபோனால் காலையில் பாத்திரத்தில் கட்டியாக உறைந்து நிற்கிறதே, அந்த வழவழப்பு அதிலிருந்துதான் வருகிறது. ஆசாரி மரத்தை ஒட்டுவதற்குக் காய்ச்சும் வஜ்ரமும் அதுதான். நம் உடம்பில் உள்ள புரதத்தில் கால் பங்குக்குக் குறையாமல் கொலாஜன். தோல், தசைநாண், குருத்தெலும்பு எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து வைத்திருப்பது அது. முடியையும் சதையையும் எடுத்துவிட்டு டிரம்மில் போடும்போது மிச்சம் இருப்பது ஏறக்குறைய முழுக்கக் கொலாஜன். அதாவது எங்க அப்பா தினமும் கையில் எடுப்பது.

ஆராய்ச்சிக்குச் சுத்தமான கொலாஜன் வேண்டும். நார் நாராக ஒரே திசையில் படுத்திருந்தால்தான் எக்ஸ் கதிர் படம் தெளிவாக விழும். அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையம் அப்போது புதியது, 1948-ல் ஆரம்பித்தது. அங்கிருந்து கிடைத்தது கங்காருவின் வால் நரம்பு! ஆஸ்திரேலியக் கங்காருவின் வால், அடையாறு வழியாகக் கிண்டிக்கு வந்து, உலக விஞ்ஞானத்தில் இடம் பிடித்தது. கதை எழுதுகிறவர்களுக்குக்கூட இப்படித் தோன்றாது.

ராமச்சந்திரனும் அவரோடு இருந்த கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர் படத்தை எடுத்துவைத்துக்கொண்டு மாதிரி கட்டத் தொடங்கினார்கள். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். எக்ஸ் கதிர் படம் என்றால் நெஞ்சுக்கு எடுக்கிற படம் மாதிரி உள்ளே இருப்பதை அப்படியே காட்டாது. சில புள்ளிகளும் கறைகளும் மட்டும் விழும். எந்த அமைப்பு இருந்தால் இந்தப் புள்ளிகள் விழும் என்று கணக்குப் போட்டுப் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். வேதியியல்காரர்கள் ஏற்கனவே ஒரு தகவல் கொடுத்திருந்தார்கள். கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின். இருபது வகை அமினோ அமிலங்களில் மிகச் சின்னது அதுதான். மூன்றில் ஒன்று என்பது ஏன் இவ்வளவு சரியாக வர வேண்டும்? மூன்று என்ற எண்ணை அவர்கள் விடவில்லை.

1954 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் அவர்களுடைய கட்டுரை வந்தது. கொலாஜன் என்பது மூன்று சங்கிலிகள் சேர்ந்தது. மறு வருடம், 1955 செப்டம்பரில் அதைத் திருத்தி இன்னும் முழுமையாக எழுதினார்கள். மூன்று சங்கிலிகளும் பக்கத்தில் பக்கத்தில் சும்மா நிற்கவில்லை, ஒன்றை ஒன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன.

எங்க ஆயா தேங்காய் நாரில் கயிறு திரிக்கும். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்கும், அப்புறம் மூன்று புரியையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கும். ஏன் ஆயா இப்படி என்று கேட்டால், ஒரே பக்கம் முறுக்கினா பிரிஞ்சுடும் என்று சொல்லும். கொலாஜனும் இதே மாதிரிதான்! ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கம் முறுக்கு, மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் முறுக்கு. முப்புரிக் கயிறு. நிலா எப்போதும் ஒரே முகத்தைப் பூமிக்குக் காட்டுகிற மாதிரி, ஒவ்வொரு சங்கிலியும் தன் ஒரே பக்கத்தைக் கயிற்றின் நடுவை நோக்கியே காட்டிக்கொண்டு சுற்றுகிறது. அந்த நடுவில் இடம் ரொம்பக் குறைச்சல். அங்கே நுழையக்கூடியது கிளைசின் மட்டும்தான். அதனால்தான் மூன்றாவது மூன்றாவது இடத்தில் கிளைசின். மூன்றில் ஒன்று என்ற கணக்கு இப்படி வந்து பொருந்திவிட்டது.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கணக்கு என்றால் எக்ஸ், ஒய் என்று போர்டில் எழுதிக்கொண்டே போவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இது சாதாரண வெற்றிக் கதை. 1955-லேயே கேம்பிரிட்ஜிலிருந்து ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் ஒரு கட்டுரை எழுதினார்கள். கிரிக் யார் என்று தெரியும் அல்லவா? 1953-ல் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர். அவர்கள் சொன்னது இதுதான். மூன்று சங்கிலி சரி, முறுக்கும் சரி. ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கி வருகின்றன, அப்படி இருக்க முடியாது. சங்கிலிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பும் இவர்கள் சொல்வது போல மூன்று அமிலங்களுக்கு இரண்டு அல்ல, ஒன்றுதான்.

நினைத்துப் பாருங்கள். முப்பத்து மூன்று வயது. புதுத் துறை. உலகமே பார்க்கிற இதழில், உலகமே மதிக்கிற ஆள், உன் கணக்கில் தப்பு என்கிறார். நமக்கு ஒரு வாத்தியார் வகுப்பில் எழுப்பிவிட்டுச் சொன்னாலே ஒரு வாரம் தலை நிமிராது. பள்ளியில் ஒருவர் என்னைச் சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை. ராமச்சந்திரனுக்கும் மனசு வலித்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அவர் செய்தது என்ன? அணுக்கள் மிக நெருங்குகின்றன என்கிறார்களே, சரி, எவ்வளவு நெருங்கலாம்? அந்தக் கேள்விக்கு அப்போது யாரிடமும் தீர்மானமான பதில் இல்லை. அதையே அடுத்த வேலையாக எடுத்துக்கொண்டார்.

என்னைப் பொறுத்தவரை அவருடைய வாழ்க்கையிலேயே பெரிய இடம் இதுதான், முப்புரிக் கயிறுகூட இரண்டாவதுதான். அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளவும். மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சீக்கிரம் புரியும்.

மாணவர் வி. சசிசேகரனோடு சேர்ந்து, அதுவரை அளந்து வெளியான படிகங்களின் அளவுகளை எல்லாம் திரட்டினார்கள். எந்த அணுவும் எந்த அணுவும் எவ்வளவு தூரம்வரை நெருங்கியிருக்கின்றன என்று பட்டியல் போட்டார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு எல்லை. ஒன்று சாதாரண எல்லை, இன்னொன்று இதற்கு மேல் போகவே கூடாது என்ற கடைசி எல்லை. கார்பனுக்கும் கார்பனுக்கும் 3.2 ஆங்ஸ்ட்ராம், கடைசி எல்லை 3.0. ஹைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் 2.0, கடைசி எல்லை 1.9. ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. டிராயிங் வகுப்பில் லிமிட்ஸ், ஃபிட்ஸ், கிளியரன்ஸ் என்று படிக்கிறோமே, அதேதான் இது, அணுக்களுக்கு!

அடுத்தது அசைவு. புரதச் சங்கிலி என்பது தட்டையான சின்னச் சின்னத் தகடுகளை வரிசையாகக் கோத்தது மாதிரி. தகடு வளையாது. இரண்டு தகடு சேரும் இடத்தில் ஒரு கார்பன் அணு. அதன் இரு பக்கமும் ஒவ்வொரு பிணைப்பு, இரண்டும் சுழலும். ஒரு கோணத்துக்குப் பெயர் ஃபை, இன்னொன்றுக்குப் பெயர் சை. ஒவ்வொன்றும் 360 டிகிரி சுற்றலாம். இந்த இரண்டு எண்ணைச் சொல்லிவிட்டால் போதும், அந்த இடத்தில் சங்கிலி எப்படி மடங்கியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். எவ்வளவோ சிக்கலாகத் தோன்றிய ஒன்றை, ஒரு கிராஃப் தாளில் வைக்கும் ஒரு புள்ளியாக மாற்றிவிட்டார்கள்.

இனி உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதுதான். பத்துப் பத்து டிகிரியாகத் திருப்பினாலே 36-ஐ 36-ஆல் பெருக்கினால் 1,296 நிலை. ஒவ்வொரு நிலையிலும் எந்த அணு எங்கே நிற்கிறது, எதோடு எது இடிக்கிறது என்று பார்க்க வேண்டும். இன்றைக்கு நம் கையில் உள்ள செல்போன் கண் இமைக்கும் நேரத்தில் செய்துவிடும். அன்று கிண்டியில் மேஜைக் கணக்கு இயந்திரம்தான். சி. ராமகிருஷ்ணன் என்ற ஆராய்ச்சி மாணவர் சலிக்காமல் கணக்கிட்டார். ஒரு அரியர் பேப்பருக்கு இரண்டு மணி நேரம் உட்கார முடியாத நான் இதைப் படித்துவிட்டு வெட்கப்பட்டேன்.

வந்த முடிவு எல்லோருக்கும் ஆச்சரியம். தாளில் நான்கில் மூன்று பங்கு இடம் காலி! சங்கிலி அப்படியெல்லாம் மடங்கவே முடியாது, அணுவும் அணுவும் இடித்துக்கொள்ளும். மிச்சம் இருக்கும் சில திட்டுகளில்தான் இயற்கையின் புரதங்கள் எல்லாம் வாழ வேண்டும். 1963-ல் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவர் பெயரிலும் அது வெளிவந்தது. உலகம் அதற்கு வைத்த பெயர் ‘ராமச்சந்திரன் பிளாட்’. அப்போது முழுதாக அமைப்பு கண்டறியப்பட்ட புரதங்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குக்கூட இல்லை. இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல் அமைப்புகள் உலகப் புரதக் களஞ்சியத்தில் உள்ளன. புதிதாக ஒரு புரத அமைப்பை யார் கொண்டுவந்தாலும், அது கிண்டியில் போட்ட அந்தக் கிராஃபில் சரியான திட்டுக்குள் விழுகிறதா என்று சரிபார்ப்பது வழக்கம். புரத வடிவத்தைக் கம்ப்யூட்டரில் கணிக்கும் முறைக்கு 2024-ல் நோபல் பரிசு கொடுத்தார்களே, அப்படிக் கணித்த வடிவங்களையும் இந்தக் கிராஃபை வைத்துச் சோதிக்கிறார்கள்.

அப்படியானால் அந்தப் பழைய சண்டை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நியாயமாகச் சொல்ல வேண்டும். ஹைட்ரஜன் பிணைப்பு விஷயத்தில் பின்னாளில் வந்த ஆதாரங்கள் கிரிக் பக்கம்தான் சாய்ந்தன. நேரடியான பிணைப்பு ஒன்றே. ஆனால் மூன்று சங்கிலி, மூன்றாவது இடத்தில் கிளைசின், முறுக்கிய கயிறு என்ற அடித்தளம் சென்னையில் போட்டது, அது அசையவில்லை. ஒரே தாளில் சரியும் தப்பும் இருந்தது. அந்தத் தப்பைச் சுட்டிக்காட்டியிருக்காவிட்டால் 1963-ன் கிராஃப் வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

1970-ல் அவர் சென்னையை விட்டார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியலுக்கு ஒரு புதுத் துறையை உருவாக்கினார். சிகாகோ பல்கலைக்கழகத்திலும் அவ்வப்போது பணி செய்தார். அந்தச் சமயத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. பல கோணங்களிலிருந்து எடுத்த எக்ஸ் கதிர் நிழல்களை வைத்து உள்ளே இருப்பதை எப்படித் திரும்பக் கட்டுவது? அதற்கு அதுவரை இருந்த கணக்கு வழி ரொம்பச் சுற்றுவழி, கம்ப்யூட்டர் நேரத்தைத் தின்றுவிடும். 1971-ல் ஏ.வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து ஒரு குறுக்கு வழியை வெளியிட்டார். சி.டி. ஸ்கேன் செய்கிறவர்கள் இன்றும் ‘ராம்-லாக்’ என்று சொல்வது இந்த இரண்டு பேருடைய பெயரின் முன்பாதிகளைத்தான். எங்க சித்தப்பா ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்தபோது தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பயந்துகொண்டிருந்தேனே தவிர, உள்ளே ஓடுகிற கணக்கில் நம்ம ஊர்ப் பேராசிரியர் பங்கும் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? சி.டி. ஸ்கேனுக்கு 1979-ல் நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் போனது. ராமச்சந்திரனுக்கு நோபல் எதற்குமே கிடைக்கவில்லை. அவருடைய இரண்டு வேலைகளும் அதற்குத் தகுதி என்று சொல்கிறவர்கள் பலர். பட்னாகர் விருது 1961-ல், லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் 1977-ல், படிகவியலின் எவால்ட் பரிசு 1999-ல் வந்தன.

கடைசிக் காலம் சுகமாக இல்லை. மனம் நோயுற்றிருந்த காலங்கள் அவருக்கு உண்டு. பிறகு பார்க்கின்சன் நோயும் வந்தது. அப்போதும் அவர் சும்மா இல்லை, தர்க்கத்தைக் கணிதமாக எழுத முடியுமா என்று பல வருடம் முயன்றார். அந்தக் கட்டுரைகள் எனக்குப் புரியவில்லை. 1998-ல் மனைவி ராஜலட்சுமி அம்மையார் காலமானார். 2001 ஏப்ரல் 7-ல் சென்னையிலேயே பேராசிரியர் மறைந்தார். நான் பிறப்பதற்கு முன்பு.

இந்தக் கட்டுரைக்காகக் கிண்டிப் பல்கலைக்கழக வளாகத்துக்கு ஒரு தடவை போய் வந்தேன். அவர் தொடங்கிய துறை அங்கே படிகவியல், உயிர் இயற்பியல் துறையாக இருக்கிறது. உள்ளே போக எனக்குக் கூச்சமாக இருந்தது. வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிண்டி ஸ்டேஷனுக்கு நடந்து, தாம்பரம் வண்டி பிடித்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கயிறு விஷயத்தைச் சொன்னேன். கம்பெனியில் தோல் நன்றாகப் பதமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு துண்டை வெட்டி, தாளில் வைத்து ஓரம் வரைந்துகொள்வார்கள். இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, மறுபடி அந்தக் கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். சுருங்கியிருந்தால் இன்னும் பதமாகவில்லை. பச்சைத் தோல் அறுபது, அறுபத்தைந்து டிகிரியிலேயே சுருண்டுவிடும். ஏன் சுருங்குகிறது? முப்புரி பிரிந்துவிடுகிறது, அவ்வளவுதான். பாயாவிலும் வஜ்ரத்திலும் நடப்பது அதுதான். தாத்தா காலத்து ஆவாரம்பட்டையும் இப்போதைய குரோமும் அந்தக் கயிறுகளைப் பக்கத்துக் கயிறுகளோடு கட்டிப்போடுகின்றன. குரோமில் கட்டு பலம், அதனால் கொதித்தாலும் பிரிவதில்லை.

அப்பா கேட்டுவிட்டு எழுந்து போனார். சட்டைப் பையிலிருந்து நீல நிறத்தில் ஒரு தோல் துண்டு எடுத்து வந்தார். கேஸ் அடுப்பில் தண்ணீர் வைத்தார். என் கணக்கு நோட்டின் பின் பக்கத்தில் துண்டை வைத்துப் பென்சிலால் ஓரம் வரைந்தார். கொதித்ததும் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து எடுத்து, ஊதி, கோட்டின் மேல் வைத்தார். ஒரு இம்மிகூடச் சுருங்கவில்லை. உள்ளே மூணு கயிறுன்னு சொன்னியே, அதை எப்படிடா எண்ணினாங்க என்று கேட்டார். அந்த நோட்டிலேயே வரைந்து காட்டினேன். கோணம் வந்த இடத்தில் நான் தடுமாறினேன். அந்த இடத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

டிரம் வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அரியர் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டேன். அடுத்த மாதம் எழுதுகிறேன்.